ஃபூஜியன்: நான் பாதி மட்டும் சொல்லிக்கொடுத்த பாடம்



"ஒரு நாட்டின் வரலாற்றை அதன் நிலம்தான் எழுதுகிறது" என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதைத் தேர்வில் எழுதி நீங்களும் மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அது பாதி உண்மைதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்படித் தோன்றவைத்தது சீனாவின் ஃபூஜியன் மாகாணம்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சீனாவின் தென்கிழக்குக் கரையில், தைவானுக்கு நேர் எதிரே இருக்கிறது. பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. மேற்கே ஊயி மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. பத்தில் எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்குதான் வயல் என்பது அங்கே வழக்கு. மலைச்சரிவில் தேயிலை விளையும். எல்லோருக்கும் போதுமான நெல் விளையாது. கரையோ வளைந்து நெளிந்து, நல்ல இயற்கைத் துறைமுகங்களைக் கொண்டது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் எந்தப் பக்கம் பார்ப்பான்? கடலைத்தான்.

1087இல் சோங் அரசு இங்குள்ள குவான்சோவில் கடல் வணிக அலுவலகம் திறந்தது. அரபு வணிகர்கள் அந்த ஊரை 'சைத்தூன்' என்றார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் அதை உலகின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாகப் போற்றினார்கள். 1974இல் அதன் விரிகுடாச் சேற்றிலிருந்து சோங் காலக் கப்பல் ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள். உள்ளே வாசனைக் கட்டைகளும் மிளகும் இருந்தன.

நம்மவர்களும் அங்கே இருந்தார்கள். குவான்சோவில் கிடைத்த ஒரு கல்வெட்டு தமிழில் இருக்கிறது. கடைசி வரி மட்டும் சீனம். காலம் 1281 சித்திரை. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியப் பேரரசரின் நலனுக்காகச் சிவனை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. கோயில் இன்று இல்லை. அப்படிப்பட்ட கோயிலின் செதுக்குத் தூண்கள் அவ்வூர்க் கையுவான் புத்தர் கோயிலில் நிற்கின்றன.

இதுவரை என் பழைய பாடம் சரி. இனிதான் இடறுகிறது.

14ஆம் நூற்றாண்டின் நடுவில் உள்நாட்டுப் போர் குவான்சோவைச் சீரழித்தது. 1371இல் மிங் பேரரசர், தனியார் யாரும் கடல் கடந்து வணிகம் செய்யக் கூடாது என்று தடை போட்டார். மலை அங்கேயே இருந்தது, கடலும் அங்கேயே இருந்தது. ஆனால் நேற்றைய வணிகன் இன்று கடத்தல்காரன் ஆனான். 16ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையைக் கலக்கிய கடற்கொள்ளையர்களில் பலர் உள்ளூர்க்காரர்களே. வேறு வழியின்றி 1567இல் யூகாங் துறைமுகத்தை அனுமதிச் சீட்டோடு திறந்துவிட்டார்கள்.

அதைவிடக் கொடுமை 1661இல். கடல் வீரர் செங் செங்கோங்குக்கு உணவும் ஆளும் கிடைக்கக் கூடாது என்று, சிங் அரசு கரையோர மக்களையே உள்நாட்டுக்கு விரட்டியது. வீடுகள் எரிந்தன, வயல்கள் தரிசாயின. 1684இல்தான் கடல் மீண்டும் திறந்தது. அபினிப் போரில் சீனா தோற்றபின், 1842 ஒப்பந்தம் ஃபூசோவையும் சியாமெனையும் ஆங்கிலேயருக்குத் திறக்க வைத்தது. 1980இல் அதே சியாமெனைச் சீன அரசு தானாகவே சிறப்புப் பொருளாதார மண்டலமாக்கியது.

ஆக, நிலம் ஆசையைத் தரும். கதவைத் திறப்பதும் மூடுவதும் அரசாணை. ஆனால் மூடிய கதவையும் மீறிப் போனவர்கள் சாதாரண மக்கள். மணிலா, மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் என்று அவர்கள் பரவினார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் பக்கத்து வீட்டு 'ஹொக்கியன்' தாத்தாவின் பூர்வீகம் இதுதான். ஃபூஜியன் என்ற பெயரை அவர்கள் மொழியில் சொல்வதுதான் ஹொக்கியன். நாம் 'தேநீர்' என்று சொல்லும்போது வரும் அந்தத் 'தே'யும் அவர்கள் பேச்சில் பிறந்து கப்பலேறி உலகம் சுற்றியதே.

அன்று பாதிப் பாடத்துக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். மீதியை இன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது முழுதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்