தாகம் என்றாலே இனிப்புநீர்தானா? ரத்தத்தில் கால்சியம் கூடினாலும் வரும்

ஓயாத தாகம், இரவில் நாலைந்து முறை சிறுநீர், எந்நேரமும் அசதி. இவை சேர்ந்து வந்தால் நம் வீடுகளில் உடனே சொல்லப்படுவது இனிப்புநீர். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் சர்க்கரை அளவு சரியாக இருந்தும் தொல்லை நீடித்தால், ரத்தத்தில் உள்ள கால்சியத்தையும், அதாவது சுண்ணாம்புச் சத்தையும் சோதிக்க வேண்டும். மலச்சிக்கல், குமட்டல், எலும்பு வலி, சிறுநீரகக் கல் ஆகியவையும் அதன் அறிகுறிகளே. முதியவர்களுக்குக் குழப்பமும் மறதியும் வரும். வீட்டாரோ அதை வயதின் மேல் போட்டுவிடுகிறார்கள்.

உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம். லிட்டருக்கு ஏறக்குறைய 2.2 முதல் 2.6 மில்லிமோல். நரம்பும் தசையும் இதயமும் அதை நம்பியே இயங்குகின்றன. அளவு 3.5ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இந்த அளவைக் காப்பவை, தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் அரிசி மணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள்.

கால்சியம் கூடியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் இரண்டே. ஒன்று, இச்சுரப்பிகளில் ஒன்று வீங்கி அளவுக்கு மீறிச் சுரப்பது. 50 வயதைக் கடந்த பெண்களிடம் இது அதிகம், பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மற்றது புற்றுநோய். மீதியில் காசநோய், ரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் சிலவகை நீர் மாத்திரைகள், மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கும் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆகியவை அடங்கும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. பாக்கு மரத்தின் பெயரையே தாங்கிய தீவு பினாங்கு. ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவிலும் செபராங் பிறைத் தோட்டங்களிலும் வெற்றிலை போடும் பழக்கம் மூத்தவர்களிடம் இன்னும் உண்டு. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு கால்சியம்தான், அதோடு காரமும்கூட. இரண்டும் அளவு மீறி உள்ளே போனால் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பழுதாகலாம். சிப்பிச் சுண்ணாம்புடன் பாக்கு மெல்லும் பழக்கத்தால் இந்நிலை ஏற்பட்டதைத் தைவான் மருத்துவர்கள் 1996இல் பதிவு செய்தனர். இதற்குப் பால்-காரக் கோளாறு என்று பெயர். சிகாகோ மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி 1915இல் வயிற்றுப் புண்ணுக்கு மணிக்கொரு முறை பாலும் காரப் பொடியும் கொடுத்த காலத்தில் தெரியவந்த கோளாறு அது. இன்று கால்சியம் கலந்த கேஸ்ட்ரிக் மாத்திரைகளை அளவின்றி மெல்பவர்களுக்கும் வருகிறது.

எப்போதாவது வெற்றிலை போடுபவர் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. உடல் தானே சரிசெய்துகொள்ளும். நாள் முழுக்க மெல்பவர், அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர், யோசிக்க வேண்டும். பாக்கினால் வாய்ப் புற்றுநோய் வரும் என்பது தனிக் கணக்கு. அந்தப் புற்றுநோய் முற்றும்போது அதுவும் கால்சியத்தை ஏற்றிவிடலாம். மலேசியாவில் அந்நோய் இந்தியர்களிடமே அதிகம்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. அளவு மிக ஏறியிருந்தால் மருத்துவமனையில் சேர்த்து, முதலில் உப்பு நீரை டிரிப்பில் ஏற்றுவார்கள். கால்சிடோனின் ஊசி சில மணி நேரத்தில் வேலை செய்யும், ஆனால் பலன் நிலைக்காது. சோலெட்ரோனிக் அமிலம் இரண்டு மூன்று நாளில் அளவைக் குறைத்து, சில வாரங்கள் தாங்கும். சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ். வீங்கிய சுரப்பியை அறுவை சிகிச்சையில் அகற்றினால் பெரும்பாலோருக்குப் பூரண குணம். சுண்ணாம்போ மாத்திரையோ காரணமென்றால், அதை நிறுத்தினாலே அளவு இறங்கத் தொடங்கும். சுரப்பிக் கோளாறு உள்ளவர் பாலை அடியோடு நிறுத்துவது பயன் தராது. எலும்புதான் இன்னும் கரையும்.

வழக்கமான சர்க்கரை, கொழுப்புச் சோதனையில் கால்சியம் சேராது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும். கூடியிருந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சோதனை அடுத்தது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். வெற்றிலைப் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், மருத்துவர் அதைக் கேட்காமலே விட்டுவிடலாம். வாந்தி நிற்காமல், பேச்சு தடுமாறி, நோயாளி அரைமயக்கத்தில் இருந்தால் கிளினிக்கில் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.