கார்டிகன் வந்த வழி

வடக்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி கட்டாயம் இருக்கும். தீபாவளி முடிந்ததும் திறக்கும், ஹோலி வந்ததும் மூடும். ஸ்வெட்டர், கார்டிகன், புல்லோவர், மங்கி கேப் எல்லாம் பாச்சை உருண்டை வாசனையோடு அதற்குள்தான். ஊரில் இருந்தவரை இதில் ஒன்றுகூட நமக்குத் தேவைப்பட்டதில்லை (ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மன்னிக்கவும்). அதனால்தானோ என்னவோ, ஒவ்வொன்றையும் ஆங்கிலப் பெயரிலேயே கூப்பிடுகிறோம். ஆனால் மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து நம்மிடம் ஓர் அழகான பெயர் உண்டு: பின்னலாடை. திருப்பூர் புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

நான் படித்தது பி.காம்., பிழைப்பு வங்கியில். எதைப் பார்த்தாலும் யாருக்கு வரவு, யாருக்குப் பற்று என்றுதான் புத்தி போகும். பின்னலாடையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆண்களின் உடையாக இருந்ததைப் பெண்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள், சரி. ஆனால் அதைப் பின்னிய பெண் கைகளின் உழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறவே இல்லையே? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்ன பாடம். நெசவில் பாவு நூலும் ஊடை நூலும் நெடுக்கும் குறுக்குமாக ஓடும். பின்னலில் ஒரே நூல்தான், வளையத்துக்குள் வளையமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். வளையங்களுக்கு நடுவே காற்று தங்கும். உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காப்பது அந்தக் காற்றுதான். கம்பளியில் பின்னினால் லூதியானா ஸ்வெட்டர், பருத்தியில் பின்னினால் திருப்பூர் பனியன். பருவம் மாறும் மாதங்களில் இதன் அருமை தெரியும். பிப்ரவரியில் காலை எட்டு மணிக்கு நடுக்கம், மதியம் இரண்டு மணிக்கு வியர்வை. தடியான கோட்டு ஒன்றைவிட மெல்லிய பின்னலாடை இரண்டு அங்கேதான் உதவும். ஒன்றைக் கழற்றிக் கைப்பையில் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். கோட்டை என்ன செய்வது?

இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல்களில் எகிப்தில் கிடைத்த காலுறைகள் முக்கியமானவை. 11 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் பின்னப்பட்டவை. அவை பருத்தி! கம்பளியின் ராஜ்ஜியம் ஐரோப்பாவில் பிறகுதான் தொடங்கியது. அங்கே நகரங்களில் பின்னல்காரர்களுக்கென்று சங்கங்கள் வந்தபோது அவை ஆண்களின் கையில் இருந்தன. பல வருடப் பயிற்சி, தேர்வு, அதன்பின் பட்டம். கிராமத்து வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் பின்னினார்கள், அதற்குப் பட்டம் எதுவும் கிடையாது. 1589இல் இங்கிலாந்தின் கால்வர்டன் என்ற கிராமத்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். கையால் பின்னிப் பிழைப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று சொல்லி முதலாம் எலிசபெத் மகாராணி அதற்கு உரிமம் தர மறுத்துவிட்டதாக ஒரு கதை உண்டு. இயந்திரம் நின்றுவிடவில்லை. 1811இல் நாட்டிங்காம் பகுதியில் லட்டைட்டுகள் அடித்து நொறுக்கியது இதே வகைப் பின்னல் தறிகளைத்தான்.

நம் பெட்டிக்குள் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஜெர்சி என்பது இங்கிலீஷ் கால்வாயில் இருக்கும் ஒரு தீவு. அங்கே மீனவர்கள் போட்ட கம்பளிப் பின்னல் சட்டைக்குத் தீவின் பெயரே ஒட்டிக்கொண்டது. ஸ்வெட்டர் என்பது ஓட்டக்காரர்களும் படகுப் போட்டிக்காரர்களும் நன்றாக வியர்க்க வேண்டும் என்று போட்டுக்கொண்டது. பெயரிலேயே வியர்வை இருக்கிறது. மற்ற மூன்று பெயர்கள் ஒரே போரிலிருந்து வந்தவை, 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போர். 1854இல் பாலக்லாவா சண்டையில் பிரிட்டிஷ் குதிரைப்படையை பீரங்கிகளுக்கு எதிரே நடத்திப்போனவர் ஏழாவது கார்டிகன் பிரபு. 1837இல் இந்தியாவுக்கும் வந்தவர் இவர். முன்பக்கம் திறந்து பொத்தான் போடும் கம்பளிச் சட்டைக்கு அவர் பெயர். படைத்தலைவர் ராக்லன் பிரபு 1815இல் வாட்டர்லூவில் வலது கையை இழந்தவர். தோளில் தையல் இல்லாமல் கழுத்திலிருந்தே இறங்கும் கைக்கு அவர் பெயர். சண்டை நடந்த ஊரின் பெயர் தலையை மூடும் குல்லாய்க்குப் போனது. ஆமாம், நாம் மங்கி கேப் என்று கேலி செய்வதன் கௌரவமான பெயர் பாலக்லாவா :-)

மீனவன், ஓட்டக்காரன், சிப்பாய். உடம்பை வளைத்து வேலை செய்யும் ஆண்களுக்குப் பின்னலாடை. அந்தக் காலத்து ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கோ இடுப்பை இறுக்கும் கார்செட். 1870களின் இறுதியில் ஜெர்சித் தீவில் பிறந்த நடிகை லில்லி லாங்ட்ரி உடம்போடு ஒட்டிய பின்னல் உடையில் லண்டனில் வலம் வந்தார், அது பரவியது. அடுத்து கோகோ ஷனேல். 1913 வாக்கில் பிரான்சின் டோவில் கடற்கரை ஊரில் கடை திறந்த அவர், ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்டுவந்த ஜெர்சித் துணியை எடுத்துப் பெண்களுக்கு உடை தைத்தார். முதல் உலகப் போரில் நல்ல துணிக்குத் தட்டுப்பாடு வந்ததும் அதற்கு மவுசு கூடியது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்கள் வெளிவேலைக்கு வந்த காலம் அது. குனிய, நிமிர, ஓட, பஸ் ஏற வசதியான உடை தேவைப்பட்டது. ஸ்டைல் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

இந்தியாவுக்கு வருவோம். கான்பூர் கம்பளி ஆலை 1876இல் தொடங்கியது. லால் இம்லி என்றால் வடக்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். 1880இல் பஞ்சாபின் தாரிவாலில் இன்னொரு ஆலை. இவை இரண்டும் முக்கியமாக ராணுவத்தின் தேவைக்காக ஓடியவை. லூதியானாவின் கதை வேறு. 1830களின் பஞ்சத்தில் காஷ்மீரை விட்டு வந்த சால்வை நெசவாளர்கள் அங்கே குடியேறினார்கள். கம்பளி வேலை தெரிந்த கைகள் ஊரில் இருந்தன. பிற்பாடு காலுறை பின்னும் இயந்திரங்கள் வந்தபோது தொழில் ஊன்றிக்கொண்டது.

குதிரைப்படைப் பிரபுவின் கார்டிகன் இங்கே போய்ச் சேர்ந்த இடம்தான் எனக்குப் பிடித்தது: புடவை. புல்லோவரைத் தலைவழியே மாட்டினால் கொண்டையும் கலையும், மடிப்பும் கலையும். கார்டிகன் முன்பக்கம் திறந்தது, வெயில் வந்ததும் பொத்தானைக் கழற்றினால் போதும். ஆகவே டீச்சர்கள், நர்ஸ்கள், ஆபீஸ் போகும் பெண்கள் எல்லோருக்கும் அது குளிர்காலச் சீருடை மாதிரி ஆகிவிட்டது. கூடவே ஒரு தீராத வழக்கும் வந்தது: முந்தானை கார்டிகனுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே விட்டால் பார்டர் தெரியாது. வெளியே விட்டால் தோளில் நிற்காது. இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கம்பளி நூலிலேயே பின்னிய முழுக்கை பிளவுஸ். குளிரும் தெரியாது, பட்டின் அழகும் மறையாது. எந்தப் பாரிஸ் கடைக்காரருக்கும் தோன்றியிருக்காது.

இனி அந்தக் கணக்கில் ஏறாத விஷயம். பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு லூதியானாவில் போஸ்டிங். கிளையில் மூத்த பஞ்சாபி அக்காக்கள் மதிய இடைவேளையில் மாடி வெயிலில் உட்கார்ந்து பின்னுவார்கள். கை பின்னும், வாய் பேசும், கண் வேறெங்கோ இருக்கும். ஒருத்தி போட்டிருக்கும் டிசைனை இன்னொருத்தி பார்த்தே எண்ணி எடுத்துவிடுவாள். புத்தகம் கிடையாது, கட்டணம் கிடையாது. குழந்தை வளர்ந்துவிட்டால் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசி, உருண்டையாகச் சுற்றி, புது நூல் கொஞ்சம் சேர்த்து அடுத்த அளவுக்குப் பின்னுவார்கள். வெட்டித் தைத்த துணியை இப்படித் திரும்ப நூலாக்க முடியுமா?

1962 சீனப் போரின்போது நம் ஜவான்களில் பலர் இமயமலையில் போதிய குளிர் உடை இல்லாமல் நின்றார்கள். நாடெங்கும் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கூடவே ஸ்வெட்டரும் பின்னி அனுப்பினார்கள். நகைக்கு எடை உண்டு, ரசீது உண்டு. ஸ்வெட்டரில் போன இரவுகளுக்கு என்ன ரசீது? ஆலையில் பின்னினால் அது உற்பத்தி, வீட்டில் பின்னினால் பொழுதுபோக்கு. இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தில் எத்தனை பேருடைய உழைப்பு காணாமல் போயிருக்கிறது!

1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. அங்கே பெருமளவில் சரக்கு அனுப்பிவந்த லூதியானா பெரிய அடி வாங்கியது. பல யூனிட்டுகள் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பின. அக்ரிலிக் நூலில் விலை மலிவான ரெடிமேட் ஸ்வெட்டர்கள் கடைகளில் குவியக் குவிய, மாடி வெயிலில் ஊசிகள் குறைந்தன. நூல் விலையைவிட ஸ்வெட்டர் மலிவு என்றால் யார்தான் பின்னுவார்கள்?

இந்தச் சரக்கை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் திபெத்தியர்கள் முக்கியமானவர்கள். 1959க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கு விவசாயமும் சாலை வேலையும் போக, குளிர்கால ஸ்வெட்டர் வியாபாரம் வாழ்க்கை கொடுத்தது. தமிழ்நாட்டு நகரங்களிலும் நடைபாதை ஓரம் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். விற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்களாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். பல பத்தாண்டுகளாக லூதியானா வியாபாரிகள் இவர்களுக்குச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவந்தார்கள். சீசன் தொடக்கத்தில் சரக்கு, சீசன் முடிந்ததும் பணம். பெரும்பாலும் வாய்ச்சொல்தான் பத்திரம். நாங்கள் மூன்று ஜாமீன் கேட்டும் வராத கடன்களை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

வங்கிக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். இது வானத்தை நம்பிய தொழில். கோடையில் கடன் வாங்கி நூல் எடுப்பார்கள், மழைக்காலம் முழுக்க இயந்திரம் ஓடும், பணம் திரும்புவது டிசம்பர், ஜனவரியில். டிசம்பர் சூடாக இருந்துவிட்டால் சரக்கு குடோனிலேயே நிற்கும், வட்டி மட்டும் நிற்காது. முதலில் அடிபடுவது பீஸ் ரேட்டுக்குப் பட்டன் தைக்கும், நூல் வெட்டும் பெண்கள்தான்.

திருப்பூருக்கு நேர் எதிர்ப்பருவம். பருத்தி என்பதால் மேல்நாட்டுக் கோடைதான் அதன் பெரிய சீசன். 1958இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் கண்டுபிடித்த நீளும் நூல், லைக்ரா, பருத்தியோடு சேர்ந்து வந்த லெகிங்ஸ் இன்று சுடிதாரின் இடத்தைப் பாதி பிடித்துவிட்டது. அதுவும் பின்னலாடைதான். மேலே லூதியானா, கீழே திருப்பூர் என்று நம் பெண்கள் ஜனவரி மாதம் மெட்ரோவில் போகிறார்கள். இரண்டு ஊரிலும் தையல் மேஜைகளில் பெண்கள். இவர்களுக்காவது சம்பளச் சீட்டு இருக்கிறது. அது போதுமா என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.

உங்கள் பெட்டியில் கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று இருந்தால், சின்னதாகிவிட்டது என்று பாத்திரக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னியவர் பெயரையும் வருடத்தையும் ஒரு துண்டுத் துணியில் எழுதி உள்பக்கம் தைத்து வையுங்கள். பேரேட்டில் ஒரு வரி ஏறின மாதிரி இருக்கும்.

அப்புறம், உங்கள் வீட்டில் முந்தானை உள்ளேயா, வெளியேயா? மறக்காமல் சொல்லுங்கள்.