திறப்பு யாருடைய கையில்?

2007 ஜூன் மாதத்தில் 'தமிழ்நெற்' இணையத்தளம் இலங்கையில் முடக்கப்பட்டபோது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்திப்பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தணிக்கை எமக்குப் புதியதல்ல. அதிகாரி வெட்டிய செய்தியின் இடத்தை வெறுமையாகவே விட்டுப் பத்திரிகையை அச்சேற்றிய நாட்களும் உண்டு. ஆனால், ஓர் இணையத்தளத்தை ஒரே உத்தரவில் நாடு முழுவதற்கும் மறைத்துவிட முடியும் என்பதை அப்போதுதான் கண்டோம். சுற்றுவழியில் சென்று அதைப் படிக்கும் முறையை இளைய சகாக்களே எமக்குக் கற்றுத்தந்தார்கள்.

பிற்காலத்தில் அந்தச் சுற்றுவழியின் பெயர் வீ.பி.என். என்றாகியது. ஆனால், அது அதற்காகப் பிறந்ததல்ல. 1996 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் குர்தீப் சிங் பால் உள்ளிட்ட பொறியியலாளர்கள் உருவாக்கிய நெறிமுறையின் நோக்கம், வெளியில் இருக்கும் ஊழியர் அலுவலக வலையமைப்புடன் இணைந்து வேலைசெய்வதேயாகும். அலுவலகத்தின் திறப்பாக இருந்த அதைச் சாதாரண மக்களின் கைகளில் சேர்த்ததில் அரசாங்கங்களின் தடைகளுக்குப் பெரும் பங்குண்டு.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல்கள் மூண்டபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பின்னரும் அவ்வாறே நடந்தது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மக்கள் எழுச்சியின்போது விதிக்கப்பட்ட தடை ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. அன்றைய அமைச்சரும் ஜனாதிபதியின் பெறாமகனுமான நாமல் ராஜபக்ஷவே, தான் வீ.பி.என். ஊடாக எழுதுவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் டுவிட்டரில் பகிரங்கமாகக் கூறினார்.

இந்த வெற்றிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2018 தடையின்போது எமது இளம் செய்தியாளர் ஒருவர், கண்ணில் பட்ட முதலாவது இலவச வீ.பி.என். செயலியைத் தரவிறக்கிக்கொண்டார். தகவல் தருபவர்களுடன் அவர் தொடர்புகொண்டதும் அதே கைத்தொலைபேசியில்தான். "அது எந்த நாட்டு நிறுவனம்?" என்று கேட்டேன். "தெரியாது, சேர்" என்றார்.

தெரிந்த நிறுவனமாக இருந்தாலும் போதாது. பேஸ்புக் 2013 இல் வாங்கிய 'ஒனாவோ' என்ற வீ.பி.என். செயலி, பாவனையாளரைப் பாதுகாப்பதாகக் கூறிக்கொண்டே அவர் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார் என்ற தகவலைத் திரட்டிக்கொடுத்தது. இதற்காக 2023 இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் மெற்றாவின் துணை நிறுவனங்கள் இரண்டுக்கு 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதித்தது. வீ.பி.என். எமது இரகசியத்தை இல்லாமல் செய்வதில்லை. அதை அறிந்திருப்பவரை மாற்றுகிறது, அவ்வளவே.

எனவே வீட்டில் வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கு அது அவசியமில்லை. இன்று பெரும்பாலான தளங்கள் தாமே குறியாக்கம் செய்கின்றன. இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரிவது பொதுவாகத் தளத்தின் பெயரே தவிர உள்ளடக்கம் அல்ல. அந்தப் பெயரும் தெரியக்கூடாது என்ற நிலையில், அல்லது தளமே தடைசெய்யப்பட்டிருக்கையில், வீ.பி.என்.னுக்கு வேலையுண்டு.

வெளியிடங்களில் நிலைமை சற்று வேறு. பொது வைஃபையில் அடுத்த மேசைக்காரரின் கணக்குக்குள் எவரும் நுழையலாம் என்பதை 2010 இல் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு மென்பொருள் நிரூபித்தது. குறியாக்கம் பரவியதால் அந்த ஆபத்து இன்று வெகுவாகக் குறைந்துள்ளது. எனினும், பிறரின் இரகசியங்களைச் சுமந்து செல்பவர்கள் ஹோட்டல்களிலும் விமான நிலையங்களிலும் நம்பகமான வீ.பி.என். ஒன்றைப் பயன்படுத்துவதே நல்லது. அதற்கு முன்னர் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் குற்றமொன்றைப் புரிவதற்கு அதைப் பயன்படுத்துபவருக்கு குறைந்தது 5 இலட்சம் திர்ஹம் அபராதம் என 2016 இல் சட்டம் வந்தது. இந்தியாவிலோ 2022 இல் வெளியான பணிப்புரை, வாடிக்கையாளர் விபரங்களை 5 வருடங்கள் பேணுமாறு வீ.பி.என். நிறுவனங்களைக் கோரியது.

அக்காலத்துத் தணிக்கை அதிகாரியின் பெயரும் அறையும் எமக்குத் தெரியும். அவருடன் வாதாடியும் இருக்கிறோம். எமது முழு இணையப் போக்குவரத்தையும் ஒப்படைக்கும் நிறுவனத்தைப் பற்றி அந்தளவாவது தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?