வெயிலைச் சேமித்த வரலாறு

மின்சாரம் இல்லாத வாழ்வு எத்தகையது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த எம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு இருளில் மூழ்கியது. ரோர்ச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி இட்டுச் சில துளி மண்ணெண்ணெயில் விளக்கெரித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் உலர்த்தி மேலும் ஓரிரு நாட்கள் உழைக்கச் செய்தோம். அக்காலத்தில் வெயிலையே மின்னாக மாற்றிப் பற்றரியிற் சேர்க்க முயன்றவர்களும் சிலர் இருந்தனர். அம்முயற்சியின் நீண்ட வரலாற்றையும், அதில் எமக்கு நேர்ந்த சிறு அனுபவத்தையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நான் கலைப் பட்டதாரி, பௌதிகம் கற்பித்தவனல்லன். எனவே வரலாற்று ஆசிரியன் ஒருவனின் நோக்கிலேயே இதனை எழுதுகின்றேன்.

வெப்பநாடுகளுக்காகத் தொடங்கிய தேடல்

ஒளியிலிருந்து மின் பிறக்கும் என்பதை 1839 இல் பிரான்சைச் சேர்ந்த எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. மின்னை ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றக்கூடிய ஈயப் பற்றரியை 1859 இல் அதே நாட்டவரான கஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். 1883 இல் நியூயோர்க்கில் சார்ல்ஸ் பிரிற்ஸ் என்பவர் செலனியத் தகட்டின்மீது மெல்லிய பொற்படலம் பூசிச் சூரியக்கலம் அமைத்தார். ஆயினும் விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்களவே மின்னாயிற்று. சேமிக்கும் கலமும் தோற்றுவிக்கும் கலமும் கைக்கு வந்தபின்னரும், இரண்டும் பயனுள்ள முறையில் இணைவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அந்த இணைப்பைத் தூண்டியது எம்மைப் போன்ற வெப்பநாடுகளின் இடர்ப்பாடு என்பது பலர் அறியாத செய்தி. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் தொலைபேசிக்குப் பயன்பட்ட உலர் பற்றரிகள் விரைவிற் பழுதாகின. அவற்றுக்கு மாற்று வழி காணும் பணி, 1952 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டரில் சப்பினிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலிற் செலனியத்தைச் சோதித்து ஏமாற்றமடைந்தார். சக ஆய்வாளர் ஜெரல்ட் பியர்சன் தந்த சிலிக்கன் துண்டு அதனைவிடப் பன்மடங்கு சிறப்பாக இயங்கியது.

ஆனால் குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சிலிக்கனுடன் சேர்த்த லிதியம் சாதாரண வெப்பநிலையிலேயே உள்நோக்கி நகர்ந்து கலத்தின் திறனைக் கெடுத்தது. மின்னை வெளியே எடுக்கும் கம்பித் தொடுகை சரிவர அமையவில்லை. பளபளப்பான சிலிக்கனின் மேற்பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு குறையாக இனங்கண்டு நீக்கினர். கல்வின் புல்லர் என்ற இரசாயனவியலாளர் லிதியத்தைக் கைவிட்டு, ஆசனிக் கலந்த சிலிக்கன்மீது போரனின் மெல்லிய படையை அமைத்தார். 1954 ஏப்ரல் 25 ஆம் நாள் அம்மூவரின் கண்டுபிடிப்பு உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அதன் திறன் நூற்றுக்கு ஆறு அளவை எட்டியிருந்தது.

மறு ஆண்டு ஒக்ரோபரில் ஜோர்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்னும் ஊரில், 432 கலங்கள் கொண்ட பலகையொன்று தொலைபேசிக் கம்பத்தில் ஏற்றப்பட்டது. பகலில் அது தொலைபேசிக்கு மின் தந்து, எஞ்சியதைப் பற்றரியிற் சேமித்தது. இரவில் பற்றரி உழைத்தது. முயற்சி வெற்றி பெற்றது, செலவோ கட்டுபடியாகவில்லை. விண்வெளியே அதற்கு வாழ்வளித்தது. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வன்காட் 1 செய்மதியில், பற்றரியால் இயங்கிய ஒலிபரப்பி யூன் மாதத்திலேயே ஓய்ந்துவிட, சூரியக்கலத்தால் இயங்கியது 1964 மே வரை பேசிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர்க் கூரையில்

இனி எம் அனுபவத்துக்கு வருவோம். 1994 ஆம் ஆண்டின் முற்பகுதி. வலிகாமத்தில் நான் கற்பித்த கிராமத்தில், போருக்கு முன்னர் ஒருவர் கொழும்பிலிருந்து கொணர்ந்த சிறு சூரியப் பலகையொன்று கிடந்தது. 33 கலங்கள் வரிசையாக இணைந்த பலகை அது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த ஏழு மாணவருக்கு இரவில் ஒரு விளக்கு வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். பழைய கார் பற்றரியொன்றும், மோட்டார் வண்டியின் சிறு குமிழ் ஒன்றும் தேடிப் பெற்றோம். இரவில் மின் பலகைக்குத் திரும்பிக் கசியாதிருக்க, மின்னை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் இருவாயி வேண்டும் எனக் கேள்வியுற்றிருந்த மாணவனொருவன், பழைய வானொலியிலிருந்த நான்கு இருவாயிக் கட்டொன்றைக் கழற்றி இணைத்தான். அழைப்புமணிக்கான மெல்லிய கம்பியே கூரையிலிருந்து அறைக்கு வந்தது.

பற்றரி நிரம்பவில்லை. முதல்நாள் அரைமணி நேரம் எரிந்த விளக்கு மூன்றாம் நாள் மங்கிச் சிவந்தது. மல்ரிமீற்றரை இரவல் வாங்கிப் பலகையை அளந்தோம். நண்பகலிலும் 17 வோல்ற் காட்டியது. பன்னிரண்டு வோல்ற் பற்றரிக்கு இது தாராளம் என எண்ணி, பழி முழுவதையும் பற்றரிமீது போட்டோம். அதனை எறிந்துவிடவும் துணிந்தோம். வேறொன்று கிடைக்கும் காலமா அது?

அயலூரில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கருவியைத் தொடுமுன் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“மாஸ்ரர், சும்மா நிக்கிற மாட்டின்ரை பலத்தைப் பாத்து என்ன பிரயோசனம்? வண்டியிலை பூட்டியெல்லோ பாக்கவேணும்.”

பற்றரியை இணைத்த நிலையிலேயே அவர் ஒவ்வோர் இடமாக அளந்தார். பலகையின் அடியில், இருவாயிக் கட்டின் இருபுறமும், கம்பியின் இரு முனைகளிலும், இறுதியாகப் பற்றரியின் முனைகளிலும் அளந்தபோது கணக்குத் தெளிவாயிற்று. தகரக் கூரையோடு ஒட்டிக் கிடந்த பலகை வெயிலிற் கொதித்தது. கலம் சூடேறச் சூடேற அதன் மின்னழுத்தம் குறையும். நான்கு இருவாயிக் கட்டில் மின் எப்போதும் இரண்டினூடாகவே செல்லவேண்டும், ஒன்றுக்கு 0.7 வோல்ற் வீதம் அங்கே 1.4 வோல்ற் கழிந்தது. மெல்லிய கம்பி மேலும் ஒரு வோல்ற் அளவில் விழுங்கியது. ஈயப் பற்றரி நன்கு நிரம்ப 14 வோல்ற் அளவு வேண்டும். எம்முடையதற்கோ 13 கூடக் கிட்டவில்லை. காலைக் குளிர்ச்சியில் ஓரளவு ஏறிய மின், வெயில் உச்சத்தில் ஏறக்குறைய நின்றுபோனமைக்கும் காரணம் இதுவே.

பிற்பகலில் தென்னோலை நிழலொன்று பலகையின் மூலையில் விழுவதையும் அவரே காட்டினார். வரிசையில் நிற்கும் கலங்களுள் ஒன்று இருண்டாலும் ஏனையவற்றின் ஓட்டம் தடைப்படும் என்றார். அதுவரை அந்நிழலை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

திருத்தத்துக்குச் செலவு ஏதுமில்லை. கட்டுக்குப் பதிலாக ஒற்றை இருவாயி; மெல்லிய கம்பிக்குப் பதிலாக, பயனற்றுக் கிடந்த வீட்டு மின்கம்பி; பலகையின் கீழ்க் காற்றோடப் பனஞ்சலாகை இரண்டு; வெந்நீராற் கழுவிச் சுரண்டிய பற்றரி முனைகள். ஓலையையும் வெட்டினோம். நான்காம் நாள் முதல் விளக்கு இரவில் மூன்று மணி நேரம் எரிந்தது. எறிய இருந்த பற்றரி அவ்வாண்டுப் பரீட்சை முடியும்வரை உழைத்தது.

வரலாறு தரும் படிப்பினை

பெல் ஆய்வுகூடத்து அறிஞருக்கும் எங்கள் ஊர் முதியவருக்கும் கல்வியால் வேறுபாடு பெரிது. செய்த வேலையின் முறை ஒன்றே. முழுவதையும் பழிக்காமல், இழப்பு எந்த இடத்தில் நிகழ்கின்றது என இரு சாராரும் படிப்படியாகத் தேடினர். நாங்களோ சுமையற்ற நேரத்து அளவை நம்பி, குற்றமற்ற பற்றரியைத் தண்டிக்க இருந்தோம்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தபோது நாங்களும் பெயர்ந்தோம். பலகை கூரையிலேயே நின்றது. மீற்றர் பிடித்த அந்த முதியவரைப் பின்னர் நான் காணவில்லை. அந்த ஏழு மாணவருள் ஒருவர் இன்று புலம்பெயர் நாட்டில் மின்பொறியியலாளர். கூரைகளிற் சூரியப் பலகை அமைப்பதே அவர் தொழில். இணைத்த பின்னரே அளக்கவேண்டும் என்பதைத் தம் உதவியாளருக்கு முதற்பாடமாகச் சொல்லிக்கொடுப்பதாக அண்மையில் தொலைபேசியிற் கூறினார்.

தடைக்காலத்தில் எம்மவர் கையாண்ட இத்தகைய உபாயங்கள் பெரும்பாலும் எழுத்தில் இல்லை. அவற்றைச் செய்தவர்கள் முதுமையடைந்துவிட்டனர், பலர் மறைந்துவிட்டனர். வாசகர்கள் தத்தம் ஊர்களிற் கண்டவற்றை, இருப்பவர்களிடம் கேட்டேனும் எழுதிவைத்தல் வேண்டும். நாளை எம் பிள்ளைகள் கேட்கும்போது காட்டுவதற்கு அவையும் வரலாறே.