பிட்காயின்: வணிகச் சின்னமும் காப்புரிமையும்

பிட்காயின் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று. சத்தோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2009இல் வெளிவந்த அதன் மென்பொருளை எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் எம்ஐடி உரிமம் இடம் தருகிறது. பெயருக்கு மட்டும் காவலர் இல்லை. 2011இலேயே அமெரிக்காவில் அதை வணிகச் சின்னமாக்கிக்கொள்ள வெளியார் விண்ணப்பித்தனர்.

காப்புரிமைச் சிக்கல் இன்னும் ஆழமானது. எளிமையும் வேகமும் கொண்ட ஷ்னோர் மின்னணுக் கையொப்ப முறையின் அமெரிக்கக் காப்புரிமை 2008இல்தான் முடிந்தது. அதுவரை அம்முறை பரவலான தரமாக வளரவில்லை. ஆகவே இசிடிஎஸ்ஏ என்ற வேறொரு கையொப்ப முறையுடன் தொடங்கிய பிட்காயின், 2021 நவம்பரில் டேப்ரூட் மேம்பாட்டின் வழியாகவே ஷ்னோர் முறையை ஏற்றது. கையொப்பச் சரிபார்ப்பை விரைவாக்கும் ஜிஎல்வி உத்தியும், 2020 செப்டம்பரில் அதன் காப்புரிமை காலாவதியாகும் வரை பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர் நிரலில் முடக்கியே வைக்கப்பட்டிருந்தது. புதுமையை வளர்க்க வந்த சட்டம் இங்கே அதைத் தாமதப்படுத்தியது வருந்தத்தக்கது.

பதிப்புரிமையும் தகராறுக்கு உள்ளானது. ஆஸ்திரேலியக் கணினியியலாளர் கிரேக் ரைட் தாமே நகமோட்டோ என்று கூறி, பிட்காயினை முன்மொழிந்த 2008ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கைக்கு உரிமை கோரினார். காப்புரிமைகளைத் தாக்குதலுக்குப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதிமொழியுடன் 2020இல் அமைந்த ‘கோபா’ கூட்டணி அவர்மீது வழக்குத் தொடுத்தது. அவர் நகமோட்டோவும் அல்லர், அவ்வறிக்கையை எழுதியவரும் அல்லர் என லண்டன் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது.