பழுத்த நிறத்துக்கு எண் வந்த கதை

திரையில் ஒரு நிறத்தைப் பிடிக்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. சுட்டியைக் கொண்டுபோய் வைத்தால் சின்ன வட்டம் விரியும். அதற்குள் புள்ளிகள் கட்டம் கட்டமாகப் பெரிதாகித் தெரியும். நடுக்கட்டத்தின் நிறம் ஆறு இலக்கக் குறியீடாக எழுந்து வரும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படி, ஆக மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் நிறங்கள். செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் எனக்கு அது இல்லாமல் வேலை ஓடாது. 1984-இல் மெக்கின்டோஷ் கணினியோடு வந்த மேக்பெயின்டில் பில் அட்கின்சன் ‘ஃபேட்பிட்ஸ்’ என்ற வசதியை வைத்தார். புள்ளிகளைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகத் திருத்தலாம். எங்கள் தொழிலின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். மலேசியாவின் கோல சிலாங்கூரில் பிறந்த நான் அப்படித் தொடங்க மாட்டேன். நிறத்தைக் கண்ணாடி வழியே பார்த்து எண்ணாக எழுதும் வேலை எங்கள் ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் வரவையே தீர்மானித்தது. அந்த வரலாற்றில் எண்ணுக்குக் கிடைத்த மதிப்பு கண்ணுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆற்றாமை.

என் பாட்டி புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவர். மங்கில் வடிந்த பாலை வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். வரி விழும் உருளைகளில் பிழிந்து சில நாள் புகையில் தொங்கவிட்டால் ஷீட் பழுப்புப் பொன்னிறத்துக்கு வரும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் அதை விரிக்க வேண்டும். குமிழி, பட்டைத் துணுக்கு, பூஞ்சை, புகை ஏறிக் கருத்த ஓரம் எல்லாம் ஒளியில் காட்டிக்கொடுக்கும். துணுக்கு சிறியதென்றால் அந்த இடத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம், ஒன்றுக்கும் மேலே ‘ஒன் எக்ஸ்’ என்று தனியாக ஒன்று. உலகச் சந்தைக்கு இந்தத் தரங்களை வரையறுத்த ‘கிரீன் புக்’ கண்ணால் பார்ப்பதையே அளவுகோலாக வைத்திருந்தது. பாட்டி அந்தப் புத்தகத்தைக் கண்டதில்லை. “வெளிச்சத்துல புடிச்சா ஷீட்டே சொல்லிரும்மா” என்பார். லண்டனிலும் சிங்கப்பூரிலும் விலை பேசியவர்கள் நம்பியது அந்தப் பார்வையைத்தான். அதற்குக் கிடைத்ததோ சாதாரண நாள் கூலி.

1965-இல் எஸ்.எம்.ஆர். என்ற தரப்படுத்திய மலேசிய ரப்பர் திட்டம் வந்தது. ரப்பரின் தோற்றத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்து சான்று கொடுக்கும் முறை. ஷீட்டுக்குப் பதிலாக 33⅓ கிலோ கட்டிகள். வாங்குபவருக்கு அது பெரிய நன்மை, அதில் சந்தேகமில்லை. அழகான ஷீட்டுக்குள்ளும் அழுக்கு இருக்கலாம். ஆனால் கண்ணாடி மேசைகளின் தேவை மெல்லக் குறைந்தது. நிறம் முழுவதும் போய்விடவில்லை. வெளிர் ரகமான எஸ்.எம்.ஆர். எல்-லுக்கு நிறத்திலும் ஒரு வரம்பு வைத்தார்கள். பால் காற்றுப்பட்டுக் கறுப்பதைத் தடுக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்த்துச் செய்யும் ரகம் அது. வரம்பு 6 லவிபாண்ட்.

அந்தப் பெயருக்கு உரியவர் ஜோசப் லவிபாண்ட், இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பீர் காய்ச்சிய தொழிலதிபர். வடிக்கும் பீரெல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. முந்தைய பீரை எடுத்துவைத்து ஒப்பிட்டால், வைத்ததே நாளடைவில் நிறம் மாறிவிடும். மங்காத ஒன்று வேண்டும். சாலிஸ்பரி பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்த்தபோது வழி பிறந்தது என்று சொல்வார்கள். 1885-இல் அவர் டின்டோமீட்டர் தொழிலைத் தொடங்கினார். கருவி எளிமையானது. கண்வைத்துப் பார்க்கும் குழலில் இரண்டு பகுதிகள் அருகருகே தெரியும். ஒன்றில் திரவத்தின் நிறம், மற்றதில் வெண்மையான பின்புலம். சிவப்பு, மஞ்சள், நீலக் கண்ணாடித் துண்டுகளை அந்த வெண்மைக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு பகுதிகளுக்கும் வேறுபாடு தெரியாத கணத்தில் நிறுத்தி, துண்டுகளின் எண்களைக் கூட்டி எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று அடிப்படை நிறங்கள், பொருத்திப் பார்க்க ஒரு சிறிய வட்டம், முடிவில் எண். என் திரைக் கருவியின் உடல் முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் ‘பொருந்திவிட்டது’ என்று சொன்னது அங்கே மனிதக் கண். எண்ணுக்குப் பின்னால் ஒருவர் குனிந்திருந்தார். இது முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன்.

ரப்பருக்கு ஆய்வகச் சான்று எழுதத் தொடங்கிய காலத்தில் பால் மரங்கள் விழுந்து, செம்பனை எனும் எண்ணெய்ப்பனை பெருகிக்கொண்டிருந்தது. அதன் தொடக்கமும் எங்கள் வட்டாரம்தான். 1905-இல் மலாயா வந்த ஆன்றி ஃபொகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர், பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அவர் நட்டது சுமத்ராவின் டெலி ரகம். 1848-இல் போகோர் தாவரத் தோட்டத்தில் வைத்த நான்கே கன்றுகளின் வழிவந்தது.

என் அப்பா குலை வெட்டியவர். செம்பனைக் காய் கருநீலமாக இருந்து, முற்ற முற்ற அடியிலிருந்து ஆரஞ்சுச் சிவப்பாகும். பழுத்த பிறகும் நுனியில் கறுப்பு நிற்கும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு முதலில் கண்ணில் படுவதே அந்தக் கறுப்புதான். “நுனி பொய் சொல்லும், அடியப் பாரு தாயி” என்று காட்டிக்கொடுப்பார். மட்டைகளுக்கு நடுவே வரும் வெளிச்சம் பச்சை கலந்தது. மழைக்காலக் காலையில் சிவப்பு இன்னும் மங்கித் தெரியும். ஆகவே நிறத்தோடு தரையில் கிடக்கும் உதிரிப் பழத்தையும் பார்த்துத்தான் கத்தியைத் தூக்குவார். முந்தி வெட்டினால் எண்ணெய் குறைவு. பிந்தினால் பழம் நசுங்கி நொதி வேலை செய்து கொழுப்பு அமிலம் ஏறிவிடும். காய்க்குலை வெட்டினால் கூலியில் பிடித்தம் என்பது தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. சரியாக வெட்டிய குலைக்கு, பார்வைக்கென்று தனியாக எதுவும் இல்லை.

ஆலையில் பிழிந்த எண்ணெய் செக்கச் சிவந்திருக்கும். பத்து லட்சத்தில் 500 முதல் 700 பங்கு கரோட்டின். சுத்திகரிப்பில் களிமண்ணும் உயர் வெப்பமும் அந்தச் சிவப்பைக் கழற்றிவிடும். விற்பனைக்குப் போகும்போது 5¼ அங்குலக் குப்பியில் சிவப்பு 3 லவிபாண்டுக்கு மேல் போகக் கூடாது. மீண்டும் அதே சாலிஸ்பரிக் கண்ணாடிகள். நிறம் எளிதில் கழலுமா என்று முன்கூட்டியே அறிய ‘டோபி’ என்ற குறியீடும் உண்டு. 446 நானோமீட்டர் ஒளியையும் 269 நானோமீட்டர் ஒளியையும் எண்ணெய் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற விகிதம் அது. கெட்ட பழத்தின் எண்ணெயில் இந்த எண் குறைந்துவிடும். கிள்ளானில் ஆய்வகத்துப் பெண் எழுதும் தசம எண் ஒன்று, எங்கோ ஒரு மரத்தடியில் அண்ணாந்து நின்றவரின் கண் வரைக்கும் போகிறது. ஆய்வறிக்கையில் அவருக்கு இடம் இல்லை. அவர் அறிந்திருந்தது வெறும் உடலுழைப்பு என்று எழுதிவைத்தவர்கள் ஒரு தொழிலறிவையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இப்போது கேமரா வந்திருக்கிறது. செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்பட பலர், குலையைப் படமெடுத்து அதன் சிவப்பு, பச்சை, நீல எண்களிலிருந்து பழுத்ததா என்று கண்டுபிடிக்கும் வழிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். என் திரையில் இருக்கும் அதே மூன்று எண்கள். ஆனால் அந்த நிரல்களுக்குக் கற்றுக்கொடுக்க முதலில் ஆயிரக்கணக்கான படங்களில் இது காய், இது பழம் என்று ஒருவர் குறித்துக் கொடுக்க வேண்டும். குறிப்பவர் அனுபவமுள்ள தரம் பார்ப்பவர். இன்று தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். அண்ணாந்து பார்க்கும் கண்கள் மாறியிருக்கின்றன, வேலை அதேதான்.

அப்படிப்பட்ட செயலி ஒன்றுக்கு நான் இப்போது திரை வரைகிறேன். நண்பகல் வெயிலில் கைப்பேசியில் ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பதற்காக உருப்பெருக்கியில் புள்ளி புள்ளியாகப் பார்த்து நிறம் தேர்ந்திருக்கிறேன். கேமரா ‘காய்’ என்று சொன்னாலும் ‘இல்லை, பழம்’ என்று தரம் பார்ப்பவர் மாற்றி எழுத ஒரு பொத்தானும் வைத்திருக்கிறேன். மாற்றியவரின் பெயர் அதே வரியில் பதிவாகும். திரை நெரிசலாக இருக்கிறது, அதை எடுத்துவிடலாமே என்று கூட்டத்தில் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, பொத்தானை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.