கம்பும் தப்பும்: ஊவாத் தோட்டங்களிற் சிலம்பமும் கூட்டாட்டமும்

தோட்டத் தொழிலாளர் வரலாற்றை எழுதியோர் கூலி, கடன், குடியுரிமை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வேலை முடிந்தபின் அம்மக்களின் உடல் என்ன செய்தது என்பதை அத்துணை அக்கறையோடு நோக்கினாரில்லை. பெருங்கங்காணிமாரின் பெயர்கள் நூல்களில் உள. பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளைப் பகுதிகளிற் கம்பு சுழற்றக் கற்பித்த சிலம்ப வாத்தியார்களின் பெயர்களைத் தேடிக் காண்பது அரிது.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகக் கொண்டுவரப்பட்டோருடன் சிலம்பமும் கடல் கடந்தது. தோட்டத்து வாத்தியார் கலையால் வயிறு வளர்த்தவரல்லர். பகலில் அவரும் செக்ரோலிற் பேர் பதிந்த தொழிலாளியே. மாலையில் லயத்து வாசலில், வெற்றிலை பாக்குடன் தட்சணை வைத்து வணங்கிய இளைஞருக்கு அடிவரிசை கற்பித்தார். மாரியம்மன் திருவிழாவிலும் காமன் கூத்திலும் அவருடைய மாணாக்கர் கம்பும் தீப்பந்தமும் சுழற்றினர்.

அவ்வாட்டத்திற்குத் தாளம் தந்தது தப்பு. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்ததும் அதே தப்பே என்பது மனங்கொள்ளத்தக்கது. சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கிலக் கவிதைகளில் அவ்விடியற்கால முழக்கம் ஒலிக்கிறது. துரைக்காக அடிக்கும்பொழுது அது உடலை எண்ணுவதற்கான கருவி. மாசி மாதத்துக் காமன் கூத்தில் அதே தோல் அவ்வுடலைத் தனக்கே மீட்டுத் தந்தது. மன்மதன் எரிக்கப்படும் அக்கதையில் வீரபத்திரன் ஆவேசத்துடன் களம் புகும்போது, பார்வையாளர் பார்வையாளராகவே நின்றுவிடுவதில்லை. தப்பின் வேகம் ஏற ஏற, இளைஞர் ஒருவரையொருவர் உரசி, நெருக்கி, முட்டி ஆடுவர்.

1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன், லொஸ் ஏஞ்சலீஸ் நகரங்களின் பங்க் இசையரங்குகளில் இளைஞர் மோதித் தள்ளி ஆடிய 'மொஷ்' ஆட்டம் இவ்விடத்து நினைவிற்கு வருகிறது. வெளியார் கண்ணுக்கு அது வெறும் அடிபிடி. உள்ளிருப்போர்க்கோ, விழுந்தவனை உடனே தூக்கிவிடவேண்டும் என்ற எழுதாச் சட்டம் உண்டு. சிலம்பத்திலும், எதிராளியை வீழ்த்துமுன் கம்பை அடக்கத் தெரிந்தவனையே வாத்தியார் மெச்சுவார். ஆயினும் ஒப்பீடு மிகைப்படலாகாது. அங்கு நுழைவுச்சீட்டு வாங்கி வருவோர் அந்நியர். இங்கு ஆடுவோர் மறுநாட் காலை ஒரே மலையில் ஒன்றாக வேலைக்கு நிற்பவர்.

இவ்வாட்டத்தைச் சமத்துவத்தின் களமாக வருணிக்கும் ஆர்வம் நம்மவரிடை உண்டு. அது பொருந்தாது. தப்படித்தல் ஒரு சாதியின் கடமையாகச் சுமத்தப்பட்டது. அதே கைகளே சாவுக்கும் அடிக்க வேண்டியிருந்தது. விழாவின் முதல் மரியாதை கங்காணிக்குரியது. கொழுந்தெடுத்து ஏற்றுமதிச் செல்வத்தை ஈட்டித் தந்த பெண்களுக்கோ ஆட்டக்களத்தில் இடமில்லை. ரதியின் வேடத்தையுங்கூட ஆணே கட்டினான்.

1940இல் ஊவாவில் எழுந்த வேலைநிறுத்த அலையின்போது, பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸத் தோட்டத்திற் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவு செய்தனர். அவர்களை அடக்கவந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களை அவர்கள் பறித்தனர் எனச் சமசமாஜ இயக்கத்தின் வரலாறு கூறும். பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவைத் துண்டித்த பெருவெள்ளமும் அவ்வெழுச்சியை முறியடித்தன. அதனைச் சிலம்பத்தின் விளைவென்று கூறுவது நகைப்பிற்கிடமாகும். ஆனால் தோளோடு தோள் நெருங்கி நிற்கப் பழகிய உடல்கள், துரையின் முன் குனிந்து நிற்பதற்கு மட்டுமே பழகியவையல்ல என்பதை வரலாற்றாசிரியர் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. எண்ணப்பட்டவை தலைகள், குரு-சீட உறவுகளல்ல. பதுளையிலிருந்து புகைவண்டி ஏறித் தலைமன்னாரிற் கப்பலேறிய வாத்தியார் இராமேசுவரத்தில் இறங்கினார். அவருடைய மாணாக்கருட் சிலர் பின்னொரு கப்பலிற் சென்றனர். சிலர் பாதி கற்ற அடிவரிசையோடு லயத்திலேயே தங்கினர்.